அந்தோனியாருக்குக் கீழே ஒரு மீன்தொட்டி

அன்பும் மதிப்பும் மிக்க மருமகன் ஜெனிஸ்டன் அவர்களுக்கு,

கற்பிட்டியிலிருந்து மாமா சாள்ஸ் எழுதுவது. நானும் மாமியும் ஆண்டவர் கிருபையால் சுகம். இத்தாலியில் நீங்களும் மகள் யூஜினியும் பேத்தி தர்சிகாவும் சுகமென நம்புகிறோம். போனில் முகம் பார்த்துச் சொல்லத் துணிவில்லாததால் எழுதுகிறேன். விஷயம் தர்சிகாவின் தங்கமீன் டெய்சியைப் பற்றியது. வாசிக்கும்போது பிள்ளையைப் பக்கத்தில் வைத்திருக்க வேண்டாம்.

"நத்தார்ப் பண்டிகைக்கு வாற வரைக்கும் என்ட மீன நல்லாப் பாருங்க தாத்தா" என்று அழுதபடி ஒப்படைத்துப் போனாள். நாற்பது வருடம் மீன் பிடித்தவனுக்கு ஒரு மீனைப் பார்க்கத் தெரியாதா என்று நானும் நெஞ்சை நிமிர்த்தினேன். போன கிழமை தொட்டியின் பில்டர் பஞ்சில் பாசி அடைத்துவிட்டது. வலையில் பாசி பிடித்தால் என்ன செய்வோம்? கடலில் அலசி வெயிலில் போடுவோம். பஞ்சையும் அப்படியே அலசி, வலையோடு சேர்த்துக் காயப்போட்டு, மொறுமொறுவென்று வந்ததும் பெருமையாகத் திருப்பி மாட்டினேன். மறுநாளே தண்ணீர் கலங்கியது. பயந்துபோய்த் தொட்டியைத் தூக்கி அந்தோனியார் சுரூபத்துக்குக் கீழே வைத்து நவநாள் தொடங்கினேன். மாமியின் நவநாள்களில் சுரூபத்து பல்பை ஒன்பது நாளும் அணைப்பதில்லை என்பது உங்களுக்கே தெரியும். தண்ணீர் பச்சையானது. இன்னும் உருக்கமாக மன்றாடி, பெரிய பல்பாக மாற்றினேன். இன்னும் பச்சையானது. ஐந்தாம் நாள் புத்தளத்தில் மீன் கடை வைத்திருக்கும் அஸாமுக்குப் போன் எடுத்தேன்.

"சாள்ஸ் அண்ணே, பஞ்சில இருந்த நல்ல கிருமியெல்லாம் மௌத்தாப் போயிருக்குமே! அதத் தொட்டித் தண்ணியிலதான் அலசணும். மொதல்ல அந்த லைட்ட அணைங்க, பாசிக்குச் சாப்பாடே அதுதான்" என்றார். நவநாள் பாதியில் அந்தோனியாரை இருட்டில் விட எனக்கு மனம் வரவில்லை, மருமகன்.

இன்று ஒன்பதாம் நாள். தண்ணீர் கலங்கியதிலிருந்து டெய்சி கண்ணில் படவேயில்லை. கையை விட்டுத் துழாவவும் பயம். ஞாயிற்றுக்கிழமை தர்சிகா "டெய்சியக் காட்டுங்க" என்றபோது, அது நித்திரை என்று பொய் சொன்னேன். போனை வைத்துவிட்டு அழுதேன். என் கர்வம்தான் அந்த மீனைக் கொன்றது. பிள்ளையிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

மூவருக்கும் அந்தோனியார் துணையும் எங்கள் ஆசீரும்.

மன்னிப்புக் கேட்கவும் முகமில்லாத
மாமா சாள்ஸ்

பி.கு.: கடிதத்தை மாமி மாக்கிறட்டுக்கு வாசித்துக் காட்டினேன். "டெய்சி குசினியிலதானே இருக்கு" என்றாள். தண்ணீர் கலங்கிய அன்றே பெரிய பேசினுக்கு மாற்றி, தினமும் கொஞ்சம் தண்ணீர் மாற்றிப் பார்த்து வருகிறாளாம். நான் சமையலறைப் பக்கம் போகிறவனா, என்ன? "ஏன்டி சொல்லல்ல?" என்று கத்தினேன். "கலியாணங் கட்டி முப்பத்தாறு வருஷம். நீங்க முழங்கால்ல நின்டு செபஞ் சொன்னத இப்பதான் கண்டன். கெடுக்க மனசு வரல்ல" என்றாள். ஆக, ஒன்பது நாளும் நான் வெறும் பாசிக்காகத்தான் மன்றாடியிருக்கிறேன், மருமகன். அந்தோனியார் கேட்டருளியிருக்கிறார். அமோகமாக வளர்ந்திருக்கிறது.