மாத்திரைக்கும் மெயினை அணைத்தவர்

கரண்ட்காரர்களைவிட அதிக தடவை மண்ணூர்பேட்டையை இருட்டாக்கியவர் என் பட்டறை ஃபிட்டர். எல்லோருக்கும் அவர் 'மெயின்'. எதில் கை வைப்பதானாலும் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் வைப்பார். ஒரு பெல்ட் மாற்ற எட்டு ஷெட்டை நிறுத்தியவர். வீட்டில் ஃபேன் துடைத்தால் மாடிக் குடித்தனத்தின் கிரைண்டரும் நிற்கும்.

"ஓடுறதுல கை வைக்கக் கூடாது மொதலாளி."

அஞ்சாங்கிளாஸோடு பள்ளியை விட்டவன் நான். ஒரு லேத்தை மூன்றாக்கியது என் சாமர்த்தியம். முப்பது வருஷத்தில் பட்டறையில் ஒருவன் விரல்கூடப் போகாதது மெயினின் சாமர்த்தியம்.

மெயினுக்கு வயிற்று வலி வந்தது. ஊசியில் சாயம் ஏற்றி ஸ்கேன் எடுக்க வேண்டும். பிரஷருக்கு மூன்று மாத்திரை சாப்பிடுகிறவர். கிட்னியும் கொஞ்சம் சோர்வு. டாக்டர் ஒரு மாத்திரையைத் தனியே எடுத்து, "ஸ்கேன் அன்னிக்குக் காலையில இத மட்டும் போடாதீங்க. சாயத்தோட சேர்ந்தா உங்க கிட்னிக்கு ஆகாம போகலாம். மத்த ரெண்டையும் விடாதீங்க" என்றார். நானும் கூடவே இருந்தேன்.

வெளியே டீக்கடையில் மெயின் முகம் சுருங்கியது.

"இன்னா மொதலாளி, உள்ள சாயம் உடுறாங்கோ. ரெண்டு மாத்திரை ஓடிக்கினே கீதே. நிக்க வாணாமா?"

"இத்த கேக்கணுமா? ஒரு வாரம் முன்னாடியே மூணையும் நிறுத்து. நான் எத்தினி மெஷின பாத்தவன்."

"அப்டி சொல்லு. டாக்டரு லேத்து ஓட்டிக்கீறாரா இன்னா?"

சிரித்துக்கொண்டே இன்னொரு டீ குடித்தோம்.

மூன்றையும் நிறுத்திய ஆறாம் நாள் மத்தியானம் டிபன் டப்பா மூடியைத் திறக்க அவருடைய வலது கை வரவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. ஆட்டோவில் என் மடியில் கிடத்திக் கொண்டுபோனேன். பிரஷர் பார்த்த நர்ஸ் நம்பாமல் இரண்டாம் தடவை பார்த்தார்.

மாத்திரை நிறுத்தியதை அவரிடம் சொன்னேன். டாக்டர் ஓடி வந்தார். "மாத்திரையெல்லாம் யாரு நிறுத்தச் சொன்னது?"

மெயினுக்குப் பேச்சு போயிருந்தது. இடது கையை மெல்லத் தூக்கித் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

அந்தக் கையைப் பிடித்து இறக்கினேன். "நான்தான் சார் சொன்னேன்."

கிட்னிக்கு ஒன்றும் ஆகவில்லை. பேச்சுதான் இன்னும் திரும்பவில்லை.

இப்போது தினம் காலையில் நான்தான் அவருக்கு மாத்திரை கொடுக்கிறேன். இது எதற்கு என்று கண்ணால் கேட்பார். "எனக்குத் தெரியாது மெயின். டாக்டருக்குத் தெரியும்" என்பேன். ஒரு பக்க வாயால் சிரிப்பார். அந்தப் பாதிச் சிரிப்பைப் பார்க்காமல் நான் பட்டறைக்குப் போவதில்லை.