சைரன் அண்ணர் வளர்த்த ரோசா

மன்னார்த் தீவிலேயே மெதுவாகப் பேசத் தெரியாத ஒரே மனிதர் எங்கள் சைரன் அண்ணர்தான். கடலோரக் கீரிக் கிராமத்தில் தன் வீட்டுக் குசினியைப் பார்த்து அவர் "தேத்தண்ணி கொண்டா" என்று சொன்னால், கடலில் வள்ளத்தில் நிற்பவன் திரும்பிப் பார்ப்பான். அம்புலன்ஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓய்வு கிடைத்ததே தவிர, அவசரம் அவரை விட்டுப் போகவில்லை. சொந்தமாக ஒரு பழைய ஓட்டோ வைத்திருந்தார். வீட்டுக்கு முன்னால் போகும் ஒழுங்கையில் யாராவது இரண்டு தரம் தும்மினால் அதை ஸ்டார்ட் பண்ணிவிடுவார். அவர் மனைவி றீற்றா அக்காகூட அவரை "எங்கட சைரன்" என்றுதான் சொல்வார்.

நான் பாலத்துக்கு அப்பால், வயல் ஊரான உயிலங்குளத்துக்காரன். மன்னார் டவுனில் ஒரு கந்தோரில் எழுத்து வேலை. நானும் மனைவி சாந்தியும் கீரியில் வீடு எடுத்தபோது, சைரன் அண்ணர் எங்களுக்குப் பக்கத்து வளவுக்காரராக வாய்த்தார்.

ஒருமுறை நுவரெலியாவில் ஒரு கலியாண வீட்டுக்குப் போனவர், மடியில் ஒரு சின்னச் சாடியோடு திரும்பினார். அதில் ஒரு ரோசாக் கன்று. முழங்கால் உயரத்துக்கு மேல் வளராத சாதி. ஒரு முறை பூத்து முடிந்ததும் மறுபடி அரும்பு கட்டுமாம். வருசம் முழுக்க இப்படியே பூக்குமாம்.

"அண்ணை, அது குளிர்ச் சீமைச் செடி. இங்க உப்புக் காத்தும் மணலும். எப்பிடிப் பிழைக்கும்?" என்று கேட்டேன்.

"தம்பி, பிழைக்காது எண்டு டொக்டர்மார் கைவிட்ட ஆக்களை நான் ஏத்திக்கொண்டு போயிருக்கிறன்" என்றார்.

மணலில் வைத்த கன்று கருகத் தொடங்கியது. உடனே ஒரு சீமெந்துக் கிணற்று வளையத்தை முற்றத்தில் இறக்கி, அதை மண்ணால் நிரப்பிக் கன்றை உயரத்தில் நடுவதென்று முடிவெடுத்தார். மண் என் தலையில் விடிந்தது.

"உங்கட ஊர் வயல் மண் ஒரு சாக்கு கொண்டாங்கோ. வாற கிழமை எண்டால் பிந்தீடும்."

ஊருக்குப் போய் வரும்போது சாக்கோடு பஸ் ஏறினேன். பாலத்தடியில் பஸ்ஸை மறித்த பொலிஸ்காரர் என் சாக்கைக் காட்டி என்னவென்று கேட்டார். மண் என்றேன். மண் கடத்தல் நடக்கும் இந்தப் பக்கத்தில் மண் என்ற சொல்லைப் பொலிசுக்கு முன்னால் சொல்லக்கூடாது என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது.

"மண் ஏத்த பெர்மிட் இருக்கா?"

"இது ரோசாவுக்கு."

"ரோசா யார்?"

பஸ் முழுக்க என்னையே பார்த்தது. அவர் சாக்குக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவினார். ஒரு மண்புழு விரலில் சுற்றிக்கொண்டு வந்தது. கையை உதறிவிட்டு, போகச் சொல்லித் தலையை ஆட்டினார். சாக்கை இறக்கியபோது சைரன் அண்ணர் கேட்ட முதல் கேள்வி, "புழு கிடக்கோ?"

ஆட்டெரு போட்டார். தென்னந்தும்பு பரப்பினார். கடல் பக்கம் கிடுகு வேலியை உயர்த்தினார். கிணற்றுத் தண்ணீர் உவர் என்று குழாய்த் தண்ணீர் மட்டும் ஊற்றினார். காலையில் எழும்பியதும் இலைகளில் படிந்த உப்பைக் கழுவுவார். பூ வாடினால் கத்தரிக்கோலைக் கொதி தண்ணீரில் போட்டெடுத்து, ஐந்து இலை பிரியும் கணுவுக்கு மேலே சரிவாக வெட்டுவார். அப்போது ஒழுங்கையில் சைக்கிள் மணி அடிக்கவும் விடமாட்டார்.

"எனக்குக் காய்ச்சல் எண்டால் மல்லித்தண்ணி. அதுக்கு ஒரு இலை வாடினா வீடே ஆசுப்பத்திரி" என்பார் றீற்றா அக்கா. அந்தச் செடிக்கு அவர் வைத்த பெயர் சக்களத்தி.

கட்டாக்காலிக் கழுதைகள் ஒரு நாள் வேலியைத் தள்ளிக்கொண்டு வந்து அரும்பு முழுவதையும் தின்றுவிட்டன. சைரன் அண்ணர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கடற்கரை வரை துரத்தினார். கழுதைகள் திரும்பி நின்றதும் அதே வேகத்தில் திரும்பி ஓடிவந்தார். அன்று மாலையே செடியைச் சுற்றி மீன்வலை ஏறியது. செடி சளைக்கவில்லை; மறுபடி அரும்பு கட்டியது. செம்மஞ்சள் பூக்கள் கொத்தாக விரிந்தபோது கீரியில் பாதிப் பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

பிறகுதான் ஒரு புயல் வந்தது.

விடிந்ததிலிருந்து றேடியோவில் அதே அறிவித்தல். கிராம சேவையாளர் வீடு வீடாக வந்து பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொன்னார். ஒழுங்கை வெறுமையாகிக்கொண்டிருந்தது. நாங்களும் பையைக் கட்டினோம். சைரன் அண்ணர் மட்டும் அசையவில்லை. கிணற்று வளையத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாதே. செடிக்கு மேல் தறப்பாளை இழுத்து மூன்று மூலையைக் கட்டியிருந்தார். நாலாவது மூலையின் கட்டை பிடுங்குப்பட்டுப் போனதால் அந்தக் கயிற்றைத் தன் கையில் சுற்றிக்கொண்டு மழையில் நின்றார்.

"அண்ணை, வாங்கோ. கடல் ஏறுது."

"நீங்கள் போங்கோ தம்பி. நான் வாறன்."

பையைத் தூக்க வீட்டுக்குள் போனபோது சாந்தி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே முட்டு வருத்தம். இன்ஹேலரை உதறி அழுத்தினாள், காற்றுத்தான் வந்தது. நெஞ்சு விசிலடிப்பது எனக்குக் கேட்டது. உதடு நீலம் பூத்திருந்தது. அம்புலன்சுக்கு அடித்தேன். றோட்டில் மரம் விழுந்து கிடக்கிறது, வெட்டி எடுத்துவிட்டு வருகிறோம் என்றார்கள்.

வேலியைத் தாண்டி ஓடினேன்.

"அண்ணை, சாந்திக்கு மூச்சு எடுக்கேலாமல் கிடக்கு."

அவர் தறப்பாளை ஒருமுறை பார்த்தார். கயிற்றைக் கையிலிருந்து கழற்றி றீற்றா அக்காவிடம் நீட்டினார்.

"பிடி."

"இந்தச் சனியனை நான் பிடிக்கமாட்டன்" என்று சொல்லிக்கொண்டே அக்கா வாங்கிக்கொண்டார்.

சாந்தியை ஏற்றிக்கொண்டு, பனங்காணிகளுக்கு ஊடாகப் போகும் குச்சொழுங்கையில் சைரன் அண்ணர் ஓட்டோவை விட்டார். அவர் சத்தம் போடாமல் இருந்ததை அன்றுதான் முதல் தரம் பார்த்தேன். அதுவே எனக்குப் பயமாக இருந்தது. தண்ணீர் ஓட்டோச் சில்லின் பாதிக்கு ஏறியிருந்தது. ஓலைகள் கண்ணாடியில் வந்து அடித்தன. சாந்தியின் தலை என் தோளில் பாரமாகிக்கொண்டு வந்தது. ஒரு திருப்பத்தில், ஒதுங்க இடமில்லாமல், ஒழுங்கையை அடைத்துக்கொண்டு கழுதைக் கூட்டம் நின்றது. ஹோர்ன் தண்ணீரில் செத்துப்போய்விட்டது.

சைரன் அண்ணர் தலையை வெளியே நீட்டி வாயைத் திறந்தார்.

"ஊ...ங், ஊ...ங், ஊ...ங்."

சத்தியமாகச் சொல்கிறேன், அசல் சைரன். கழுதைகள் சிதறின. பெரிய றோட்டில் ஏறிய பிறகும் அவர் நிறுத்தவில்லை. ஒரு ட்ராக்டர் ஓரங்கட்டியது. மரம் வெட்டிக்கொண்டு நின்ற ஆமிக்காரர்கள் கொப்பை இழுத்து வழி விட்டார்கள். ஆசுப்பத்திரி வாசலில் தாதி ஒருவர் தள்ளுகட்டிலோடு ஓடி வந்து, அம்புலன்ஸ் எங்கே என்று தேடினார். "மூச்சு இருந்திருந்தா அப்ப சிரிச்சிருப்பன்" என்று சாந்தி பிறகு சொன்னாள்.

அவளுக்கு ஒட்சிசன் போட்டார்கள். நான் வெளியே வந்தபோது சைரன் அண்ணர் வாங்குப் பலகையில் நனைந்த கோழி மாதிரி இருந்தார்.

"நீங்கள் போங்கோ அண்ணை. அங்க ரோசா..."

"வருத்தக்காரரை இறக்கின கையோட போற பழக்கம் எனக்கில்லை. டொக்டர் வந்து சொல்லட்டும்."

டொக்டர் வந்து சொல்லும் வரை அந்த வாங்கிலேயே இருந்தார். சாந்திக்கு ஆபத்து நீங்கியது என்று கேட்ட பிறகுதான் எழும்பினார். அவளுக்கு மாற்றுடுப்பு எடுக்க நானும் கூடப் போனேன். காற்று கொஞ்சம் அடங்கியிருந்தது.

தறப்பாள் யாரோ வீட்டுப் பனையில் தொங்கியது. வேலி இல்லை. முற்றத்தில் கணுக்காலளவு கடல் தண்ணீர். கிணற்று வளையத்தின் மேல் உடுப்புத் தோய்க்கிற பெரிய அலுமினியப் பேசினைக் கவிழ்த்துப் போட்டு, அதற்கு மேல் றீற்றா அக்கா உட்கார்ந்திருந்தார். கையில் செபமாலை. தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"என்னப்பா செய்யிறாய்?" என்றார் சைரன் அண்ணர்.

"இருக்கிறன். பாரமில்லாட்டி பேசின் பறக்குது." பிறகு என்னைப் பார்த்தார். "பிள்ளை எப்பிடி?"

"சுகம் அக்கா."

அக்கா சிலுவை போட்டுக்கொண்டு இறங்கினார். பேசினைத் தூக்கிப் பார்த்தோம். கிளைகள் முறிந்திருந்தன. ஒரு தண்டு மட்டும் நிமிர்ந்து நின்றது. சைரன் அண்ணர் மண்ணைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்பு. அவர் முகத்தை எங்களுக்குக் காட்டாமல் அப்படியே குந்தியிருந்தார்.

குழாயில் தண்ணீர் வரப் பல நாளானது. தண்ணீர்ப் பவுசர் வந்து வீட்டுக்கு வீடு அளந்து ஊற்றியது. குளிப்பை விட்டு, அந்த மண்ணைக் கழுவிக் கழுவி உப்பிறக்கியது சக்களத்தியின் எதிரி றீற்றா அக்காவேதான். தண்டில் சிவப்பாக ஒரு முளை வந்தபோது முதலில் கண்டதும் அவர்தான். பூத்தபோது, "பூ கொஞ்சம் சின்னன்" என்று குறையும் சொன்னார்.

இப்போது சைரன் அண்ணர் கண் ஒப்பிரேசனுக்காக அக்காவோடு வவுனியாவில் மகள் வீட்டில் நிற்கிறார். ரோசா எங்கள் பொறுப்பில். நேற்றும் தொலைபேசியில் அவர் குரல் வீடு முழுக்கக் கேட்டது. இலை கழுவினீர்களா, அரும்பு எத்தனை, கழுதை வந்ததா என்று ஒன்றும் விடாமல் விசாரித்தார். சாந்தி பொறுமையாகப் பதில் சொன்னாள். கடைசியில், "ரோசா சுகம் அண்ணை. நீங்கள் எப்ப வாறியள்? ஒழுங்கை வெறிச்செண்டு கிடக்கு" என்றாள்.

மறுமுனையில், எங்களுக்குக் கேட்டும் கேட்காத ஒரு மெல்லிய குரலில், "வாறன் பிள்ளை" என்றார்.