நாற்பத்தைந்து விருந்தாளிக்கு மூன்று ஆடு

நாரின், செப்டம்பர் 12

கணினி இதழில் 'தொடக்கக்காரர்களுக்கு ஷெல்' பகுதியை எழுதும் மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, நாரின் வானிலை நிலையத்தில் முப்பத்தொன்பது வருடம் வெப்பமானி பார்த்து ஓய்வுபெற்ற தொல்கூன்பெக் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே ஆடும் ஆளும் நலம். உங்கள் வீட்டில் ஆளும் ஆடும் நலமா? ஆடு இல்லையென்றால் கணினியாவது நலமாக இருக்கட்டும்.

நிற்க. உங்கள் நான்காம் பாடத்தால் என் மகள் ஜிபாரின் கல்யாணமே நின்றிருக்கும் என்பதைத் தெரிவிக்கவே இக்கடிதம். போன சனிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் அவளுக்குக் காதில் தோடு போட்டு நிச்சயம் பண்ண வந்தார்கள், நாற்பத்தைந்து பேர். ஒரு ஆட்டுக்குப் பன்னிரண்டு மரியாதைத் துண்டு என்பதும், சம்பந்தி வீட்டார் ஒவ்வொருவருக்கும் எலும்போடு தனித்துண்டு வைக்காவிட்டால் தோடு வந்த பெட்டியிலேயே திரும்பிப் போகும் என்பதும் உங்களுக்கே தெரியும். பாடம் படித்த சூட்டில், ஆட்டுக்கணக்கைக் கணினியில், கட்டளை தட்டும் அந்த ஷெல்லில் போடுகிறேன் என்று உட்கார்ந்தேன். நீங்கள் சொன்னபடி இரட்டை அடைப்புக்குறிக்குள் நாற்பத்தைந்தைப் பன்னிரண்டால் வகுத்தேன். மூன்று என்றது. எனக்கும் உறுத்தத்தான் செய்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் புள்ளிக்குப் பின்னால் இலக்கம் வேண்டுமானால் பிரிண்ட்எஃப் என்ற கட்டளையைப் போடச் சொல்லியிருந்தீர்களே, போட்டேன். 3.00 என்று வந்தது. ஆயுள் முழுக்கப் புள்ளிக்குப் பின்னால் ஒரே ஒரு இலக்கம் எழுதிப் பிழைத்தவன் நான். இரண்டு பூஜ்ஜியத்தைக் கண்டதும் அப்படியே சரணடைந்துவிட்டேன்.

என் மனைவி உருமகான் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "நாப்பத்தஞ்சு வாய்க்கு மூணு ஆடாங்க? இந்த ஆட்டுக்கெல்லாம் கூட ரெண்டு கால் முளைக்குமா?" என்று கேட்டாள். புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் வரை சுத்தமான கணக்கில் வாய் வைக்காதே என்று நான் அதட்டினேன். அவள் அதற்கு மேல் பேசவில்லை. அவள் பேசாமல் போனால்தான் பயப்பட வேண்டும் என்பது முப்பத்திரண்டு வருடக் குடித்தனத்தில் நான் கற்ற பாடம், அன்றைக்குப் பார்த்து அதுவும் மறந்துபோயிற்று.

விருந்து அன்று முறைப்படி மூத்தவரிலிருந்து பரிமாறிக்கொண்டே வந்தோம். முப்பத்தாறாவது ஆளோடு தட்டம் காலி. மீதி ஒன்பது பேர் வெறும் தட்டைப் பார்க்கிறார்கள், அந்த ஒன்பதில் ஒருத்தி யார் தெரியுமா, மாப்பிள்ளையின் அம்மா சய்ராகான். சின்ன வயதில் கல்யாணமானவள், அதனால் வரிசையில் பின்னால் வந்துவிட்டாள். தோட்டுப் பெட்டி அவள் மடியில்தான். அதை டப்பென்று மூடினாள். ஜிபார் என்னைப் பார்த்தாள். ஆசிரியரே, மைனஸ் நாற்பதில் ஏணி ஏறிக் காற்றுமானியைப் பார்த்தவன் நான், ஆனால் அப்படி ஒரு குளிர் என் உடம்பில் அதுவரை ஏறியதில்லை.

"கணக்குல பிசகுங்களா, சம்பந்தி?" என்றாள் சய்ராகான், ரொம்ப மெதுவாக.

நான் பிரிண்ட்எஃப் என்று ஆரம்பித்தேன். அதற்குள் கதவைத் திறந்துகொண்டு உருமகான் பெரிய தட்டத்தோடு வந்தாள். விடியற்காலையிலேயே நான்காவது ஆட்டை அறுத்து, பக்கத்து வீட்டு அண்டாவில் வேகவைத்திருக்கிறாள். பெண்களுக்கு மரியாதையான வாலெலும்புத் துண்டைச் சய்ராகான் முன் வைத்து, "பிசகெல்லாம் இல்லீங்க. உங்களுக்குன்னு தனி ஆடு. அது வேக நேரமாயிடுச்சு," என்றாள். பெட்டி திறந்தது. இப்போது தோடு ஜிபாரின் காதில் ஆடுகிறது, நான்தான் வீட்டில் தலை நிமிர முடியவில்லை.

ஆகவே, மீதியை முழுங்கும் இந்த ஷெல்லைப் பற்றி ஒரு வரி எச்சரிக்கைகூடப் போடாத உங்களை வன்மையாகக் கண்டிக்கிறேன். சந்தாவையும் இத்தோடு நிறுத்தவும். நீங்களும் உங்கள் பிள்ளைகுட்டிகளும் வயிறும் மனமும் நிறைந்து நூறாண்டு வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தொல்கூன்பெக்

பி.கு.: விலாசம் எழுத உங்கள் இதழை எடுத்தேன். பத்தாம் பக்கமும் பதினொன்றாம் பக்கமும் பாலேட்டில் ஒட்டிக்கொண்டிருந்தன. பிரித்தால், "வகுத்தால் மீதி தொலையும். பிரிண்ட்எஃப் பூஜ்ஜியத்தை ஒட்டவைக்குமே தவிர, தொலைந்ததைத் தேடித் தராது. உதாரணமாக, பன்னிரண்டால் வகுக்கும் முன் பதினொன்றைக் கூட்டிக்கொண்டால் மீதிக்கும் ஒன்று சேர்ந்து வரும்" என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. காலையில் ரொட்டி தின்றபடி படித்தவன் நான்தான். மேலே உள்ள எதையும் படிக்க வேண்டாம். சந்தாவை இரண்டு வருடத்துக்கு நீட்டிக்கவும். அக்டோபரில் கல்யாணம், அவசியம் வர வேண்டும். உங்களோடு எத்தனை பேர் என்பதை மட்டும் உருமகான் பெயருக்கு எழுதவும்.