சீட்டைப் பிடித்த கதை

ஞாயிற்றுக்கிழமைக் காலையை மீட்டே தீருவது என்று சபதம் செய்தேன். யாரிடமிருந்து என்று கேட்கிறீர்களா? கல்யாணமானவர்கள் கேட்க மாட்டார்கள்.

எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. வாரம் முழுக்க ஊராருடைய மூக்கின்மேல் எதையாவது உட்காரவைத்துக்கொண்டிருப்பேன். ஞாயிறு ஒரு நாள் நான் உட்காரலாம் என்றால், அன்றைக்குத்தான் என் மனைவியின் கண்ணில் வீட்டுத் தூசியெல்லாம் படும்.

"காலைத் தூக்குங்க."

தூக்குவேன். துடைப்பம் போகும்.

"அந்தக் காலையும்."

"இருக்கிறதே ரெண்டுதான். ரெண்டும் மேலதான் இருக்கு."

"அப்ப அப்படியே எழுந்து ஃபேனைத் துடைங்க."

ஸ்டூல்மேல் நின்று ஃபேனைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை உதித்தது. உயரத்தில் நின்றால் எவனுக்கும் உயர்ந்த எண்ணம் வரும்.

"உனக்கு முட்டி வலிக்குதுன்னியே? சைக்கிள் ஓட்டினா நல்லதாம்."

"எனக்குத்தான் ஓட்டத் தெரியாதே."

"தெரியாதவங்களுக்குன்னே ஒரு குழு இருக்காம். ஐம்பது தாண்டினவங்களுக்கு. ஞாயிறு காலையில, ஸ்கூல் மைதானத்துல. போட்டி கீட்டி எதுவும் கிடையாது. சும்மா ஜாலியா."

"யாரு நடத்துறாங்க?"

"நம்ம கடைக்கு வர்றவர் ஒருத்தர்."

"உங்களுக்கும்தான் ஓட்டத் தெரியாது. நீங்களும் வாங்களேன்."

"லேடீஸ் மட்டும்தானாம்" என்றேன், ஃபேனைப் பார்த்து.

"சரி, போறேன்" என்றாள்.

இத்தனை சுலபமாகச் சம்மதித்தபோதே எனக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும். ஊருக்கெல்லாம் பார்வையைச் சரிசெய்கிறவன் நான். வீட்டில் எதிரே நிற்பது மட்டும் எப்போதும் மங்கல்.

அப்படி ஒரு குழு கிடையாது என்று உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். எங்கேயாவது இருக்காதா என்று தேடினேன். இருந்ததெல்லாம், உடம்போடு ஒட்டிய சட்டையில் விடியும்முன் மலையேறுகிற இளவட்டங்கள். "வயசானவங்க, புதுசா கத்துக்கிறவங்க சேரலாமா?" என்று அவர்களில் ஒருவனைக் கேட்டேன். என் வயிற்றைப் பார்த்தான். "சேரலாம் அங்கிள். ஆம்புலன்ஸ் உங்க பொறுப்பு" என்றான்.

ஆக, நானே ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. பொய் சொல்வது எளிது. அதற்குச் சக்கரம் மாட்டுவதுதான் கஷ்டம்.

என் வாடிக்கையாளர் ஒருவர், ஓய்வுபெற்ற தபால்காரர். "சைக்கிளை விட்டு நான் இறங்கினதே என் கல்யாணத்துக்குத்தான் சார்" என்பார். அவருக்குப் புதுக் கண்ணாடி இலவசம் என்றேன், பயிற்சியாளர் கிடைத்தார். கடைச் சுவரில், பார்வை சோதிக்கிற அட்டைக்குப் பக்கத்தில், ஒரு நோட்டீஸ் தொங்கவிட்டேன். மேலே கொட்டை எழுத்தில், 'ஐம்பது தாண்டியும் சைக்கிள் தெரியாதா? வாருங்கள்!' கீழே பொடி எழுத்தில், 'பெண்களுக்கு மட்டும்.'

அந்த ஞாயிறும் வந்தது. மகள் எங்கள் வீட்டில் விட்டுப்போன சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என் மனைவி கிளம்பினாள். பக்கத்து வீட்டுப் பல் டாக்டரம்மாவும் கூடவே போனார். கதவைச் சாத்தினேன். ஒரு நாற்காலியில் நான், இன்னொன்றில் என் கால்கள், கையில் பேப்பர், பக்கத்தில் டீ. எங்கள் வீட்டில் ஒரு கடிகாரம் ஓடுகிறது என்பதே அன்றுதான் காதில் விழுந்தது.

போன் மணியும் விழுந்தது.

"தபால்காரர் பேசறேன் சார். நல்ல கூட்டம்! பாதிப் பேர் ஆம்பளைங்க."

"ஆம்பளைங்களா? பெண்களுக்கு மட்டும்னு கீழே போட்டிருந்தேனே!"

"அப்படியா? யார் கண்ணுலயும் படலையே சார்."

எப்படிப் படும்? கண்ணாடிக் கடைக்கு வருகிறவன் பொடி எழுத்தைப் படித்துவிட்டால் எதற்கு வரப்போகிறான்?

"அது போகட்டும் சார், உடனே வாங்க. பின்னால ஓடிச் சீட்டைப் பிடிக்க ஆள் போதல. உங்க வீட்டம்மாதான் சொன்னாங்க, அவர் சும்மாதான் உட்கார்ந்திருப்பாருன்னு."

டீயை நின்றுகொண்டே குடித்தேன்.

வாரங்கள் ஓடின. நானும் ஓடினேன். குழுவில் சேர்ந்திருந்த தையற்காரர் ஒரு காலைத் தரையில் தேய்த்துக்கொண்டே மைதானம் முழுக்க வட்டம் அடித்தார். பல் டாக்டரம்மா வேலியில் போய் இறங்கி, சிரித்துக்கொண்டே எழுந்தார். பயிற்சி முடிந்ததும் எல்லோரும் மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து, யார் எத்தனை முறை விழுந்தோம் என்று பெருமையடித்துக்கொள்வார்கள். ஃபிளாஸ்க்கில் வருகிற டீக்கு அங்கே தனி ருசி. உள்ளதைச் சொன்னால், எனக்கும் அது பிடித்துப்போயிற்று. ஓட்டம்தான் பிடிக்கவில்லை. ஒவ்வொருவராகத் தனியே ஓட்டப் பழகிவிட்டார்கள். என் மனைவி மட்டும் அப்படியே இருந்தாள்.

"விட்டுடாதீங்க!"

"விடல, விடல."

"மூச்சு வாங்குதா?"

"எனக்கில்ல... டயருக்கு."

ஒருநாள் பல் டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியின் உடைந்த கம்பியைச் சரிசெய்யக் கடைக்கு வந்தார். "உங்க மிஸஸ் கலக்குறாங்க சார்! தினமும் மார்க்கெட்டுக்குச் சைக்கிள்லதான். நேத்து ஒரு லாரிக்கே பெல் அடிச்சு வழி வாங்கினாங்க."

கடையைச் சீக்கிரமே சாத்தினேன்.

"மார்க்கெட்டுக்குச் சைக்கிள்ல போறியாமே?"

"ஆமா. காய்கறிப் பையை முன்னாடி மாட்டிக்கிட்டா வசதியா இருக்கு."

"அப்ப ஞாயித்துக்கிழமை மட்டும் ஏன் 'விட்டுடாதீங்க'?"

"விடச் சொன்னா, நேரா வீட்டுக்கு வந்து நாற்காலியில விழுவீங்க. இப்பப் பாருங்க. மாடிப்படியில நடுவுல நிக்கிறதில்ல. குறட்டை போச்சு. பேன்ட்டைத்தான் கையில பிடிச்சுக்கிட்டு நடக்கிறீங்க."

"ஒரு நாளாவது நிம்மதியா உட்காரணும்னுதானே இந்தக் குழுவையே ஆரம்பிச்சேன்!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"தெரியும்" என்றாள், வெண்டைக்காயை நறுக்கிக்கொண்டே. "தபால்காரர் அப்பவே என்கிட்ட வந்து, 'சார் ஏதோ குழுங்கிறாரே, எப்ப ஆரம்பிக்கிறது?'ன்னு கேட்டார்."

"அப்ப அந்த நோட்டீஸ்? கீழ் வரி?"

"உங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்தப்ப, கத்தரிக்கோலால ஒரு வெட்டு. கோணலாக்கூட வந்துடுச்சு. நீங்கதான் பாக்கல."

அதே சுவருக்கு முன்னால் நின்றுதான் தினமும் ஊராரை, "கடைசி வரி தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"கோவிச்சுக்காதீங்க" என்றாள். "நான் மட்டும் ஓட்டிக்கிட்டு எங்க போறது? நீங்களும் கத்துக்கிட்டா ரெண்டு பேருமா ஏரிக்கரை வரைக்கும் போகலாம். இந்த ஞாயிறு நீங்க ஏறுங்க. நான் பிடிச்சுக்கறேன்."

இதற்கு மேல் என்ன கோபப்படுவது?

ஏறினேன். ஹேண்டில்பார் ஒரு பக்கம் இழுத்தது, உயிர் மறுபக்கம் இழுத்தது. "முன்னாடி பாருங்க, திரும்பாதீங்க!" என்றாள். மிதித்தேன். தபால்காரர் கைதட்டினார். தையற்காரர் ஒதுங்கி வழிவிட்டார். காற்று சட்டைக்குள் புகுந்து முதுகைத் தட்டிக்கொடுத்தது. இத்தனை வயதுக்குமேல் இப்படி ஒரு சந்தோஷம் பாக்கி இருக்கும் என்று யார் கண்டது? ஒரு வட்டம் முடிந்தது. அவளுக்கு மூச்சிரைக்குமே என்று எனக்கே பாவமாகிவிட்டது.

"நல்லாப் பிடிச்சிருக்கியா?" என்று முன்னால் பார்த்தபடியே கத்தினேன்.

"ரொம்பப் பிடிச்சிருக்குங்க!" என்று பதில் வந்தது, மைதானத்தின் அந்தக் கோடியில் இருந்த மரத்தடி பெஞ்சிலிருந்து.