சேலம் போன கோடிப்புடவை

ரயில் இல்லாத ஊரில் பிறந்தவனுக்குத்தான் ரயில் பைத்தியம் முற்றிப் பிடிக்கும். ரயில் ஓடும் ஊர்க்காரர்களுக்கு அது வெறும் சத்தம். கேட் போட்டால் முணுமுணுத்துக்கொண்டே வண்டியை அணைப்பார்கள், அவ்வளவுதான். நான் கள்ளக்குறிச்சிக்காரன். சின்னசேலத்திலிருந்து எங்கள் ஊருக்குப் பாதை வருகிறது, வந்துகொண்டே இருக்கிறது என்று கேட்டுக் கேட்டே மீசை முளைத்தவன். (மீசை நரைக்கவும் தொடங்கிவிட்டது. அது வேறு கதை.)

விதைக் கடையில் கணக்கு எழுதும் எனக்கு லீவு கிடைத்தால் ஒரே வேலைதான். பஸ் பிடித்துச் சின்னசேலம் போவேன். அங்கே விருத்தாசலம் போகும் பாசஞ்சரில் ஜன்னலோரம் உட்காருவேன். விருத்தாசலம் ஜங்ஷனில் வருகிற, போகிற வண்டிகளை எல்லாம் போனில் படம் பிடித்துவிட்டு, மறுபடி பாசஞ்சர் ஏறி வீடு திரும்புவேன். வேலைக்குப் போகிறவர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் வேறு வழியில்லாமல் போகிற வண்டியில் நான் ஆசைப்பட்டுப் போவேன். எங்கே போய் வந்தாய் என்று கேட்பவர்கள், ரயில் பார்க்க என்றதும் சிரிப்பார்கள்.

அப்படிக் கேட்டுவிட்டுச் சிரிக்காத ஒரே ஆள் என் அத்தை. அப்பாவின் அக்கா. கச்சிராயபாளையம் தாண்டி, கல்வராயன் மலை அடிவாரத்தில் வாழ்க்கைப்பட்டவர். நான் போனதும் தண்ணீர் கொடுப்பதற்கு முன்னாலேயே, "இன்னிக்கு இன்னா ரயிலு புடிச்ச, காட்டு" என்று போனை வாங்கிக்கொள்வார். கண்ணுக்கு அருகில் வைத்து ஒவ்வொரு படமாகப் பார்ப்பார். எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் அவர் ரயிலில் ஏறியதே இல்லை. சின்னசேலத்தில் ஏற்றி சேலம் வரைக்கும் கூட்டிப் போகிறேன் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். அறுப்பு முடியட்டும் என்பார். அப்புறம் மாட்டைச் சொல்வார். அப்புறம் மூட்டு வலியைச் சொல்வார்.

ஒரு நாள் விருத்தாசலம் பிளாட்பாரத்தில் நின்று ஒரு இன்ஜினைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது அம்மா போன் செய்தார்.

"ஒங்கத்த போய்ட்டாங்கடா. காலையில எழுந்துக்கவே இல்ல. நான் போய்க்கினு இருக்கேன். நீ பஸ் புடிச்சி கள்ளக்குறிச்சியில எறங்கி, கோடி எடுத்துக்கினு நேரா வந்துடு. பொறந்த வூட்டு கோடி வராம தூக்க மாட்டாங்க."

எங்கள் பக்கம் அது பெரிய விஷயம். கல்யாணமாகிப் போன பெண் செத்தால் பிறந்த வீட்டுப் புதுப் புடவையைப் போர்த்தித்தான் அனுப்புவார்கள். அதைப் பிறந்த வீட்டு ஆண்பிள்ளை கொண்டுபோக வேண்டும். அப்பா இறந்துவிட்டதால் அந்த ஆண்பிள்ளை நான்தான்.

அம்மா சொன்னபடி செய்திருக்கலாம். பஸ் ஸ்டாண்டில் நேர் பஸ் இருந்தது. ஆனால் சேலம் பாசஞ்சர் வரப்போகிறது, பஸ் ஊர் ஊராக நின்று வரும், ரயில்தான் சீக்கிரம் என்று அம்மாவுக்கே பாடம் எடுத்தேன். (துக்க வீட்டுப் போனில் ரயில்வே கால அட்டவணை ஒப்பித்தவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.) அம்மா போனை வைத்துவிட்டார். இருந்த நேரத்தில் கடைவீதிக்கு ஓடி, அத்தைக்குப் பிடித்த மாம்பழ மஞ்சளில், அரக்கு பார்டர் போட்ட பருத்திப் புடவை எடுத்தேன். கடைக்காரர் விசேஷமா என்று கேட்டார். தலையை மட்டும் ஆட்டினேன்.

வண்டியில் உட்கார்ந்து புடவைப் பையை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அடுத்து நான் செய்ததைக் கேட்டு இவன் கல்நெஞ்சக்காரன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

சின்னசேலம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சின்ன ஸ்டேஷனில் வண்டி நின்றது. அது ஒற்றைப் பாதை. எதிரே வருகிற வண்டி பக்கத்துத் தண்டவாளத்துக்கு வந்து ஒதுங்கினால்தான் எங்கள் வண்டி கிளம்ப முடியும். வரப்போவது கூட்ஸ் என்று பக்கத்தில் ஒருவர் சொன்னார். சரக்கு வண்டி, சாயங்கால வெயில், பின்னால் நீலமாக மலை. அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். பையை சீட்டில் இடம் பிடிக்க வைத்துவிட்டு, போனோடு இறங்கினேன்.

ரயில் படம் எடுக்கிறவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. வெயில் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். பிளாட்பாரத்தில் நின்றால் வெயில் கண்ணில் அடித்தது. அதனால் வண்டியைச் சுற்றிக்கொண்டு, தண்டவாளங்களைத் தாண்டி (செய்யக் கூடாத வேலை, தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள்) அந்தப் பக்கம் கருவேல மரத்தடியில் போய் நின்றுகொண்டேன். இடம் பிரமாதமாக இருந்தது. கூட்ஸ் வந்தது. படம் எடுத்தேன். என் வாழ்நாளில் அப்படி ஒரு படம் விழுந்ததில்லை. எடுத்த கையோடு போனில் சார்ஜ் தீர்ந்து திரை கறுத்துப் போயிற்று.

கூட்ஸ் நின்றது. எனக்கும் என் வண்டிக்கும் நடுவில் நின்றது. தலையும் தெரியவில்லை, வாலும் தெரியவில்லை. இரண்டு பெட்டிகளுக்கு இடையில் இருந்த சந்தில் எட்டிப் பார்த்தேன். என் பாசஞ்சரின் ஜன்னல்கள் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தன. கூட்ஸின் வால்வரை ஓடிச் சுற்றிக்கொண்டு வந்தபோது பிளாட்பாரத்தில் ஒரு நாய் மட்டும் இருந்தது.

புடவை, பர்ஸ், சார்ஜர் எல்லாம் பையோடு போயிற்று. ஸ்டேஷன் மாஸ்டர் நல்ல மனிதர், தன் போனை நீட்டி வீட்டுக்குப் பேசச் சொன்னார். அப்போதுதான் தெரிந்தது, எனக்கு அம்மாவின் நம்பர் மனப்பாடம் இல்லை. இன்ஜின் நம்பர்கள் வேண்டுமானால் வரிசையாகச் சொல்வேன். அடுத்த ஸ்டேஷன்களுக்குச் சொல்லிப் பார்க்கிறேன் என்றார். நான் ரோட்டுக்கு நடந்தேன். ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போன டிராக்டர் ஒன்று நின்று ஏற்றிக்கொண்டது. சைக்கிள்கள் எங்களைத் தாண்டிப் போயின. சட்டைப் பையில் பஸ்ஸுக்கு மட்டும்தான் காசு இருந்தது, இன்னொரு புடவைக்கு வழியில்லை. கள்ளக்குறிச்சியில் துணிக்கடைகளைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு பஸ் மாறினேன்.

மலையடிவாரத்தில் இறங்கும்போது பொழுது சாய்ந்திருந்தது. பறைச் சத்தம் வீட்டுப் பக்கமிருந்து வரவில்லை, ஏரிக்கரைப் பக்கமிருந்து வந்தது. எடுத்துவிட்டார்கள் என்று அதிலேயே தெரிந்துவிட்டது. ஓடினேன்.

பாதி வழியில் பாடையை இறக்கித் திருப்பி வைக்கும் இடத்தில் போய்ச் சேர்ந்தேன். கூட்டம் விலகியது. மாமா, அதாவது அத்தையின் வீட்டுக்காரர், என் வெறும் கைகளைப் பார்த்தார். காலையிலிருந்து எனக்காகப் பொறுத்திருந்து, இருட்டப் போகிறதே என்று ஊரார் நெருக்கிய பிறகுதான் சம்மதித்திருக்கிறார்.

"கோடி எங்கடா?"

பொய் சொல்லக்கூடத் தெம்பில்லை.

"சேலம் போய்க்கினு இருக்குதுங்க மாமா."

பறை நின்றது. யாரோ ஒரு பங்காளி கெட்ட வார்த்தை சொன்னார். மாமா என்னையே பார்த்தார். அடி விழும் என்று நினைத்தேன். விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவருக்குத் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரிய நேரமாயிற்று.

"அவளுக்குத்தான்டா ரயில்ல சேலம் போவணும்னு ஆச" என்றார். சொல்லி முடிக்கும் முன்பே வாய்விட்டு அழ ஆரம்பித்தார்.

அத்தையின் முகத்தைப் பார்த்தேன். மேலே பச்சைப் புடவை கிடந்தது. அம்மா என் ரயிலை நம்பாமல் கள்ளக்குறிச்சியிலேயே ஒன்று எடுத்துக்கொண்டு வந்து, கடைசியில் எனக்குப் பெரியப்பா முறையாகிற ஒருவர் கையால் போர்த்தச் சொல்லியிருக்கிறார். பச்சை அத்தைக்குப் பிடிக்காது. அதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? பாடைக்குப் பின்னால் நடந்தேன்.

மஞ்சள் புடவை திரும்பி வரவே இல்லை. படம் இருக்கிறது. கூட்ஸின் பெட்டிகளுக்கு நடுவே உற்றுப் பார்த்தால் என் பாசஞ்சரின் ஒரு ஜன்னல் தெரியும். அழிக்கவும் மனமில்லை, யாருக்கும் காட்டவும் மனமில்லை. இப்போது எங்கள் சொந்தத்தில் கத்தரிக்கோல் காணாமல் போனாலும், மூக்குக்கண்ணாடி காணாமல் போனாலும், "சேலம் போய்க்கினு இருக்கும்" என்றுதான் சொல்வார்கள். மருமகளாக வந்தவர்கள்கூட ஊர் வழக்கு போலிருக்கிறது என்று நினைத்துச் சொல்கிறார்கள். அதை முதலில் ஆரம்பித்து வைத்ததே மாமாதான். போன தீபாவளிக்குப் பார்க்கப் போனபோது படுக்கையில் இருந்தார். கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கும் ஒன் வூட்டு கோடி வரணும்டா. பஸ்ல வா."

பொங்கல் கழிந்து செய்தி வந்தது. கள்ளக்குறிச்சியில் வேட்டி எடுத்து, பஸ் ஏறி, மடியில் வைத்துக்கொண்டேன். மேலே வைத்துக்கொள்ளுங்கள் என்று கண்டக்டர் சொன்னார். வேண்டாம் என்றேன். நேரத்துக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டேன். மாமாவை வாசலில் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். எப்படி வந்தாய் என்று கேட்க வேண்டியவர் அவர்தான். வேட்டியைப் போர்த்திவிட்டு, பஸ்லதான் வந்தேன் மாமா என்று நானே சொன்னேன்.