லைவில் கண் உரிக்கும் சித்தர்

கீழ்வேளூர் பக்கம், அறுப்பு முடிந்த வயலில் பந்தல் போட்டு, பெரிய டிவி ஒன்றையும் வைத்து ஞானவிழிச் சித்தர் அருள்பாலித்துக்கொண்டிருந்தார். கண் கெட்டவர்கள் வேன் வேனாக வந்து இறங்கினார்கள். கண் நன்றாக இருந்தவர்களும் வந்தார்கள். அன்னதானப் பந்தி அவர்களுக்குத் தூரத்திலேயே தெரிந்தது.

வரிசையில் குணசேகரனும் நின்றான். குத்தகை நிலத்தில் பயிர் செய்கிறவன். வலது கண்ணில் நேரான வரப்பெல்லாம் நெளிந்து தெரிந்தது. தஞ்சாவூர் டாக்டர் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார்: விழித்திரைமேல் மெல்லிய சவ்வு படர்ந்து இழுக்கிறது, உரித்தெடுக்க வேண்டும். உரிக்கும்போதே விழித்திரையின் அடுக்குகள் ஸ்கேன் திரையில் தெரியும். ஆழம் பார்த்துப் பார்த்துச் செய்யலாம். தள்ளிப்போட்டால் பார்வை இன்னும் கெடும். நாளைக்கு ஆபரேஷன்.

கண்ணுக்குள் கருவி போகும் என்றதும் அவன் இங்கே வந்துவிட்டான். சித்தரிடம் கருவியே கிடையாது. செல்போனைக் கண்ணருகே பிடிப்பார், மந்திரம் சொல்வார், டிவியில் லைவாகச் சவ்வு உரியும். அங்கே மரத்துப்போக ஊசி என்றால் இங்கே சாம்பிராணி.

"டாக்டர் காட்டுன அதே படந்தான்க்கா" என்றான் பக்கத்தில் நின்ற அக்கா அமிர்தத்திடம்.

"முன்னாடி போனவங்க எல்லாருக்கும் அதே படந்தான்டா ஓடுச்சு. நீ இரு. மொதல்ல என்னைப் பாக்கட்டும்."

அவள் போய் உட்கார்ந்தாள். "சாமி, இடது கண்ணு தெரியவே இல்லைங்க."

சித்தர் செல்போனை நீட்டினார். டிவியில் சிவப்பு நரம்புகள் ஓடின, சவ்வு உரிந்தது. "நரம்பெல்லாம் உயிரோட இருக்கும்மா. சவ்வுதான் மறைச்சிருந்துச்சு. உரிச்சாச்சு."

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

அமிர்தம் இமையை இழுத்து, கண்ணைக் கழற்றித் தட்சணைத் தட்டில் வைத்தாள். சின்ன வயதில் நெல் சுணை பட்டுப் புண்ணான கண். மந்திரிப்பவரிடமே அலைந்து நாள் கடத்தியதில் பறிபோனது. அதற்குப் பதிலாக வைத்திருந்த பிளாஸ்டிக் கண் இது.

"இதுல எந்த நரம்பு ஓடுது, சாமி?"

சித்தர் ரிமோட்டைத் தேடினார். அதற்குள் குணசேகரன் டிவியின் பின்னால் செருகியிருந்த பென்டிரைவைப் பிடுங்கினான். லைவ் நின்றது. ஞானவிழி ஒரு வழியாகத் தன் கார் நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்து ஓடியது.

குணசேகரனுக்கு வெட்கமாக இருந்தது. தானும் அக்காவைப் போல நாள் கடத்தப் பார்த்தோமே என்று அதைவிடப் பயமாக இருந்தது. "வாக்கா, தஞ்சாவூர் பஸ்ஸைப் புடிப்போம்."

பின்னால் ஒருவர் இன்னும் கைகூப்பி நின்றார். "பிளாஸ்டிக் கண்ணுலயே நரம்பு வர வச்சாரே, எப்பேர்ப்பட்ட மகான்."

விழித்திரையில் படர்ந்த சவ்வை உரிக்க டாக்டர் இருக்கிறார். மூளையில் படர்ந்ததை அவரவர்தான் உரித்துக்கொள்ள வேண்டும்.