விபத்தில்லாப் பட்டறை

தொழிற்கூடப் பாதுகாப்பு அலுவலகம் அந்த ஆண்டை 'விபத்தில்லா ஆண்டு' என்று அறிவித்து, விபத்துகளைத் தவிர மற்ற எல்லோருக்கும் சுற்றறிக்கை அனுப்பியது.

கிடைத்தவர்களில் சம்மட்டியக்காவும் ஒருத்தி. கடைவீதிக் கோடியில், சைக்கிள் கடையை ஒட்டியிருந்த கொல்லுப் பட்டறை அவளுடையது. உலையில் பழுத்த இரும்பைப் புருஷன் குறடால் பிடித்துப் பட்டடை என்ற இரும்புப் பாளத்தின்மேல் வைப்பார். அடி விழவேண்டிய இடத்தைச் சின்னச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிக் காட்டுவார். அங்கே அவள் சம்மட்டியை இறக்குவாள். இருபது வருஷத் தாம்பத்தியத்தில் அவர் சொன்னதை அவள் மறுபேச்சில்லாமல் கேட்ட இடம் அது ஒன்றுதான்.

தொழிலில் அவள் கறார். காலையில் சம்மட்டிக் காம்பு ஆடுகிறதா என்று பார்க்காமல் கையில் எடுக்க மாட்டாள். உளித் தலை அடிபட்டுப் பிசிறு விட்டிருந்தால், தெறித்துக் கண்ணில் விழும் என்று முதலில் அதைத் தேய்த்து எடுப்பாள். இரண்டு பேருக்குமாகச் சேர்த்து இருபது கைவிரலும் இன்னும் இருந்தன.

ஒரு செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு ஆய்வாளர் வந்தார். தலையில் வெள்ளை ஹெல்மெட், கையில் முப்பத்திரண்டு பக்கப் படிவம்.

"நல்ல நேரத்துல வந்தீங்க சார்" என்றாள் அக்கா. "பட்டடை உக்காந்திருக்கற மரக்கட்டையில விரிசல் விட்டிருக்கு. இரும்புப் பட்டை போட்டு இறுக்கணும். சரிஞ்சா காலு போயிடும். அதை எழுதிக்குங்க."

ஆய்வாளர் படிவத்தைப் புரட்டினார். "மரம் எங்க பிரிவுல வராதும்மா."

"கால்?"

"கால் வரும். ஆனா போனதுக்கப்புறம்தான் வரும்." பட்டடையை நோக்கித் திரும்பினார். "இதென்ன, ஒரு பக்கம் கூரா நீட்டிட்டு இருக்கு?"

"அது கொம்பு சார். அதுமேல வச்சுத்தான் இரும்பை வளைப்போம்."

"குத்தாதா?"

"அது பாட்டுக்கு இருக்கு சார். நாமளா போய் முட்டிக்கிட்டாத்தான்."

'அபாயப் பொருள். இடம்விட்டு நகர மறுக்கிறது' என்று ஆய்வாளர் எழுதினார். பட்டடை முகத்தை விரலால் தட்டிப் பார்த்தார். 'மேற்பரப்பு தேவையற்ற அளவுக்குக் கடினமாக உள்ளது.' உலைப்பக்கம் போனவர் திடுக்கிட்டு இரண்டடி பின்வாங்கினார். அதைப் பற்றி மட்டும் அரைப் பக்கம்: 'உலையில் தீ இருப்பது கண்டறியப்பட்டது. அது அணைக்கப்படாத நிலையில் இருந்ததோடு, உரிமையாளரின் கணவரே அதற்குக் காற்று ஊதிக்கொண்டிருந்தமை மிகுந்த வருத்தத்துக்குரியது.'

முடிவில் உத்தரவு வந்தது. பட்டடைமேல் இரண்டு விரல் கனத்துக்கு ரப்பர் ஒட்டவேண்டும்.

"சூடான இரும்பை வச்சா ரப்பர் எரிஞ்சுடுமே சார்!"

"நான் யோசிக்காம இருப்பேனா? இரும்பைச் சூடாக்கக் கூடாதுன்னு அடுத்த பக்கத்துல போட்டிருக்கேன், பாருங்க. ஒரு வாரம் டைம். இல்லைன்னா சீல் வச்சுடுவோம்."

அவர் போன கையோடு அக்கா இரும்புப் பட்டையைக் காய்ச்சி, கட்டையைச் சுற்றி மாட்டித் தண்ணீர் ஊற்றி இறுக்கினாள். விரிசல் வாயை மூடிக்கொண்டது. அக்காவால்தான் வாயை மூட முடியவில்லை.

"சூடாக்காம அடிக்கணுமாம். இவரு வீட்டுல அரிசியை வேகவைக்காமத்தான் சாப்பிடுவாரா?"

"விடும்மா. நமக்கெதுக்கு வம்பு? சீல் வச்சுட்டா பொழப்பு என்னாகும்?" என்று புருஷன் ரப்பர் வாங்கிவந்து ஒட்டினார்.

குளிர்ந்த இரும்புத் துண்டை ரப்பர்மேல் வைத்து இடத்தைத் தட்டிக் காட்டினார். அக்கா வழக்கம்போல் ஓங்கி இறக்கினாள். இரும்பு ஒரு துள்ளுத் துள்ளி அவர் நெற்றியில் போய் உட்கார்ந்தது. பட்டறைக்கு அதுதான் முதல் விபத்து.

நெற்றி எலுமிச்சை அளவுக்கு வீங்கியது. இருபது வருஷத்தில் அக்காவின் அடி குறி தப்பியதேயில்லை. ஈரத்துணி கட்டி, புருஷனைக் கையோடு அலுவலகத்துக்கு இழுத்துப்போனாள்.

"விபத்துப் படிவம் இந்த வருஷம் அச்சடிக்கலையேம்மா" என்றார் ஆய்வாளர். "விபத்தில்லா ஆண்டு இல்லையா?"

"இவரு நெத்தியைப் பாருங்க சார். உங்க ரப்பரால வந்தது."

ஆய்வாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். "அடிச்சது யாரு?"

"நான்தான்."

"அடி பட்டவரு?"

"என் வீட்டுக்காரரு."

"அப்ப இது குடும்பத் தகராறு. அதுக்கு எதிர்க் கட்டடம், ரெண்டாவது மாடி."

வீடு திரும்பும் வழியெல்லாம் அக்கா வாய் திறக்கவில்லை. புருஷனுக்கு வீக்கத்தைவிட அதுதான் அதிகம் வலித்தது. பட்டறைக்கு வந்ததும் உலையில் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டினாள். கொம்புக்குப் பழைய தலையணை உறை மாட்டினாள். சம்மட்டியைச் சாக்கில் சுற்றி மூலையில் சாத்தினாள். இரண்டு நாற்காலி போட்டாள்.

"உக்காருங்க. அவங்க சொன்னபடியே நடப்போம். எத்தனை நாளைக்குன்னு பாத்துடுவோம்."

அது கோபத்தில் சொன்னது. மறு ஆய்வுக்கு வந்த ஆய்வாளருக்கோ கண் கலங்கிவிட்டது. தீ இல்லை, சத்தம் இல்லை, கூர் இல்லை, இரும்பே இல்லை. பணியாளர்கள் இருவரும் சரியான கோணத்தில் முதுகைச் சாய்த்து அமர்ந்திருந்தார்கள். முப்பத்திரண்டு பக்கத்திலும் முழு மதிப்பெண். 'முன்மாதிரிப் பட்டறை' என்று பலகை வந்தது. மாதாமாதம் ஊக்கத்தொகை வந்தது. மற்றப் பட்டறைக்காரர்கள் வேனில் வந்திறங்கி, நாற்காலி எங்கே வாங்கியது என்று விசாரித்துக் குறித்துக்கொண்டு போனார்கள்.

முதல் வாரம் அக்காவின் தோள் தினவெடுத்தது. சாக்கைப் பிரித்துச் சம்மட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு மறுபடி சுற்றினாள். இரண்டாம் வாரம் மத்தியானத்தில் கொஞ்சம் கண்ணயர்ந்தாள். மூன்றாம் வாரம் நாற்காலிக்கு மெத்தை தைத்தாள்.

ஆண்டு முடிவில் பாராட்டு விழா. சாலை போடுகிறவர்கள், பேருந்து ஓட்டுகிறவர்கள், தச்சர்கள், கொத்தனார்கள் என்று மண்டபம் நிறைய ஆட்கள். சால்வை போர்த்தி, நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். மேடையில் ஆய்வாளரையும் மேலதிகாரியையும் பார்த்ததும் அக்காவுக்குப் பழைய கோபம் கொஞ்சம் திரும்பி வந்தது.

"இதுல எங்க சாமர்த்தியம் ஒண்ணுமில்லைங்க" என்றாள். "நாங்க வேலையே செய்யல. அதனால விபத்தும் நடக்கல. அவ்வளவுதான்."

புருஷன் முன்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டார். மேலதிகாரி மெல்ல எழுந்தார்.

"விபத்துக்கு மூலகாரணம் வேலை!" என்றார் தழுதழுத்த குரலில். "எங்கள் அலுவலகம் நாற்பது ஆண்டுகளாகக் கடைப்பிடித்துவரும் நெறியை, இந்தச் சகோதரி ஒரே வரியில் உலகத்துக்குச் சொல்லிவிட்டார்!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. தட்டியவர்கள் ஒவ்வொருவரும் வேலையில்லாத மறுநாள் காலையை நினைத்துக்கொண்டு தட்டினார்கள். யாரும் கிண்டல் செய்யவில்லை என்று தெரிந்ததும் அக்காவுக்கும் கோபம் போன இடம் தெரியவில்லை. சால்வையைச் சரிசெய்துகொண்டாள்.

மறுநாள் பட்டறை வாசலில் கிணறு தோண்டுகிறவர் ஒருவர் வந்து நின்றார். தோளில் கடப்பாரை. முனை மழுங்கிக் கட்டைவிரல்போல் இருந்தது.

"காய்ச்சிக் கூர் போடணும்க்கா. அரைநாளா பாறையில அடிக்கிறேன், இறங்க மாட்டேங்குது."

புருஷன் பாதி எழுந்தார். அக்கா பார்த்த பார்வையில் மறுபடி உட்கார்ந்தார்.

"கூர்னா ஏழாம் நம்பர் படிவம் வேணும்" என்றாள் அக்கா மெத்தையில் சாய்ந்தபடி. "தீ மூட்டறதுக்கு ஒன்பது. ரெண்டுலயும் கையெழுத்து வாங்கிட்டு வாங்க."

"கையெழுத்தாக எத்தனை நாளாகும்?"

"ஒரு மாசம் ஆகும்."

கிணறு தோண்டுகிறவர் கடப்பாரையை இறக்கிச் சுவரோரம் சாத்தினார். தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, கொஞ்சம் மனசு வச்சு, ரெண்டு மாசமா ஆக்க முடியாதா?"